தள்ளிக்கொண்டு வந்த ஜெனரேட்டர்

காலை முகூர்த்தம் என்றால் என் வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீடு திரும்பிவிடுவார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பிறகு மூன்று மணி, மூன்றரை மணி என்று இழுக்க ஆரம்பித்தது. எனக்குச் சந்தேகம் வர இதில் பாதியே போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கரண்ட் போகாத கல்யாணமே கிடையாது. பம்மலில் நாங்கள் ஒரு ஜெனரேட்டர் வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு சக்கர இழுவை வண்டியில் அதைப் பொருத்தி, பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி, கூடுவாஞ்சேரி வரைக்கும் இருக்கிற மண்டபங்களுக்கு அவரே ஓட்டிப் போவார்.

ஏன் லேட் என்று கேட்டால், "கல்யாண வூட்ல சாப்ட்டுதான் போணும்னாங்க" என்பார். சொல்லிவிட்டு என் கண்ணெதிரிலேயே இரண்டு தட்டு சோறு சாப்பிடுவார். பந்தியில் சாப்பிட்டவருக்கு இவ்வளவு பசி எப்படி வரும்? நான் ரசம் ஊற்றினேன். உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர் வீட்டு அக்கா வந்து எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாள். "உங்க வூட்டுக்காரர முடிச்சூர்ல பாத்தேன். ஆமை மாரி போய்கினு இருந்தாரு. யாரையோ தேடுறாரோ இன்னாவோ."

கூடுவாஞ்சேரியிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு நேராகப் பல்லாவரம் வருகிறது. அங்கே திரும்பினால் வீடு. இதில் முடிச்சூருக்கு என்ன வேலை? சின்ன வீடுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆள் யார் என்பது மட்டும்தான் பாக்கி.

அன்று அவர் குளிக்கப் போனதும் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்தேன். மல்லிகைப்பூ வாசம் வரும் என்று எதிர்பார்த்தேன். தீய்ந்த நாற்றம் அடித்தது. வெளியே போய் பிக்கப்பைச் சுற்றிப் பார்த்தேன். முன் சக்கரங்களிலும் அதே நாற்றம். பின்பக்கத் தகடு ஒடுங்கி, அதில் இழுவை வண்டியின் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

துண்டோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்தினேன். முதலில் மழுப்பினார். நான் நகரவில்லை.

"பிரேக் போட்டா நிக்கல. பின்னால கீறது தள்ளிகினு வருது. அன்னிக்கு வண்டலூர்ல ஒரு பஸ்ஸு திடீர்னு நின்னுட்டான். ஒரு சாண்ல தப்பிச்சேன். அதான் மெயின் ரோட்ட வுட்டுட்டு முடிச்சூர் வழியா சுத்திகினு வரேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அனுப்பமாட்ட. ஐப்பசி முழுக்க முகூர்த்தம்."

ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷம் அந்த ஒரு சாண் நினைவுக்கு வந்தது. இதற்குச் சின்ன வீடே இருந்து தொலைத்திருக்கலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். அதில் ஆளாவது முழுசாகத் திரும்பி வருவார்.

மறுநாள் காலை நானே தாம்பரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். போன வாரம்தான் இழுவை வண்டியின் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன், லைனிங் நன்றாக இருக்கிறது என்றார் அவர். போல்ட்டில் புழுதி அப்பிக் கிடந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"என் எதிர்ல கழட்டுங்க."

"அக்கா, பேஜார் பண்ணாதீங்க. சார் கூடவே இருந்தாரே."

"அவரையும்தான் நான் நம்பல."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். லைனிங் தடிமனாகத்தான் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பிரேக் கேபிளை இதற்கு மேல் முறுக்கினால் அறுந்துவிடும் என்றார். தப்பு மெக்கானிக்கிடம் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இழுவை வண்டிக்குத் தனியாகப் பெடல் கிடையாது. முன்னால் போகிற வண்டி வேகத்தைக் குறைத்ததும் பின்னது வந்து முட்டும். அந்த முட்டலில் அதன் மூக்கில் இருக்கிற ராடு உள்ளே சறுக்கும். சறுக்கும்போது கேபிளை இழுக்கும், பிரேக் பிடிக்கும். மெக்கானிக் அதை எனக்கு விளக்கிவிட்டு, என் வீட்டுக்காரரைத் தெருவில் மெதுவாக ஓட்டிப் பிரேக் போடச் சொன்னார். நாங்கள் இருவரும் பக்கத்திலேயே நடந்தோம். நான் ராடிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டி குலுங்கியது. ராடு அசையவே இல்லை. புதுசு போல நீலமாகப் பளபளத்தது.

அந்த ராடு எப்போதும் கன்னங்கரேலென்று கிரீஸ் பூசிக் கிடக்கும். என் புடவைகளில் பாதி அதில் கறைபட்டவை.

"இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து தலையை நீட்டினார். "பூஜைக்கு நாந்தான் அடிச்சேன். அதுல ஒரே அழுக்கு. மண்ணெண்ணெ போட்டு தொடச்சி ரெண்டு கோட்டு அடிச்சேன். சாமிக்கு வைக்கிறப்ப அழுக்கா வச்சா நல்லாவா இருக்கும்?"

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "பெயிண்ட் இறுகி ராடு சிக்கிகினு கீது சார். சந்தனம் குங்குமம் மட்டும் வச்சிருந்தா போதாதா?"

ராடைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் பூசி மாட்டினார். கேபிளையும் அளவாகத் தளர்த்தி வைத்தார். வேலை முடிந்தது, நாளைக்கே கல்யாணத்துக்குப் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். சரிவில் இறக்கிப் பார்க்காமல் விடமாட்டேன் என்றேன்.

கல்குவாரிப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இறக்கம் இருந்தது. மேட்டில் வண்டியை நிறுத்தினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"நீ எறங்கிக்கோ."

"மாட்டேன்."

"ஏதாவது ஆனா புள்ளைங்கள யாரு பாத்துக்குவா?"

"இத்தன நாளு தெனமும் போனீங்களே, அப்ப யோசிச்சீங்களா?"

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். கொக்கியை ஆட்டிப் பார்த்தார். ராடைக் கையால் தடவிப் பார்த்தார். வந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

பாதி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார். பின்னால் ஒரு சின்ன முட்டல். அவ்வளவுதான். இரண்டு வண்டியும் சேர்ந்தாற்போல் நின்றன.

ஸ்டியரிங்கிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "தெனமும் பயந்துகினேதான் ஓட்னேன்" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்னதில் நான் துளிகூடச் சந்தேகப்படாதது அது ஒன்றுதான்.