ஆத்தாவுக்கு ஒரு சுடுசோத்து ஓட்டல்

கொதிக்கிற சாம்பாரை வாழையிலையில் ஊற்றினால் இலை லேசாக வெந்து ஒரு பச்சை வாசம் கிளம்பும் பாருங்கள், அந்த வாசத்தை மோந்தே மதுரையில் எந்தத் தெருவில் எந்த ஓட்டல் இருக்கிறது என்று பத்து வயதில் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வேன். பொய். பத்து வயது வரைக்கும் நான் ஓட்டலுக்குள் கால் வைத்ததே கிடையாது. ஒரே ஒரு தடவை அய்யாவோடு பருத்தி மூட்டை ஏற்றின லாரியில் மதுரைக்கு வந்து, ஒரு ஓட்டல் வாசலில் நின்று டீ குடித்திருக்கிறேன். அதுவும் அய்யா குடித்துவிட்டு மிச்சம் வைத்த அரை கிளாஸ்.

அந்த அரை கிளாஸை ஊருக்குக் கொண்டுபோய் நான் முழு விருந்தாக்கிவிட்டேன். டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே கரிசல்காட்டுக்குள் இருந்த எங்கள் ஊரில், மதுரை ஓட்டலில் சாப்பிட்ட ஒரே பயல் நான்தான் என்று பேராகிப்போனது. ஓட்டலுக்குள்ளே தலைக்கு மேலே காத்தாடி சுற்றும், பெண்டுபிள்ளைகள் உட்காரத் திரை போட்ட தனி அறை இருக்கும், அதற்குப் "பேமிலி ரூம்" என்று பேர், கேட்கக் கேட்கச் சோறு கொண்டுவந்து போடுவார்கள் என்றெல்லாம், லாரி டிரைவர் யாரிடமோ சொன்னதை நான் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்று வருசம் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு வேறு எதில் பேர் கிடைக்கும், சொல்லுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருசம் பருத்தி நன்றாக வெடித்தது. சித்திரை மாசத்தில் அய்யா ஒரு நாள் வாயைத் திறந்து, "மதுர தமுக்கத்துல பொருக்காச்சி போட்ருக்காகளாம். எல்லாரும் ஒருக்கப் போயிட்டு வந்துருவோம்" என்றார். இன்றைக்குப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் சறுக்கும் பார்க்குகளெல்லாம் அப்போது ஏது? எங்களுக்கு அந்தப் பொருட்காட்சிதான் எல்லாமே: ராட்சச ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம். எனக்கு ராட்டினத்தில் ஏற வேண்டும். ஆறாவது வரை படித்த பாண்டியம்மாக்காவுக்கு வளையல் கடை. அய்யாவுக்கு மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் விழுகிறானா இல்லையா என்று பார்க்க வேண்டும். ஆத்தாவிடம் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவளாகவே, காய்ந்த பருத்தி மார் ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ராட்டினமும் வேணாம், வளவியும் வேணாம். உக்காந்த எடத்துல ஒருத்தன் கொண்டாந்து போட, ஆவி பறக்க ஒரு வேளைச் சோறு நான் திங்கணும். அம்புட்டுத்தேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதலில் அய்யா சாப்பிடுவார், பிறகு நான், பிறகு அக்கா, பருத்தி எடுக்க ஆள் வந்திருந்தால் அவர்கள். எல்லாரும் கை கழுவின பிறகு, சட்டியின் அடியில் கிடப்பதைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு ஆத்தா உட்காருவாள். அவளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து சுடுசோறு என்பது பிறத்தியாருக்குப் பரிமாறுகிற பண்டம். இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்த வேகத்தில் மார்தட்டிக்கொண்டேன்: "நான் இருக்கேன்ல ஆத்தா! எனக்கு ஓட்டல் தெரியும். பேமிலி ரூம்லயே உக்கார வைக்கிறேன்." ஆத்தா என்னை நம்பிவிட்டாள். அதுதான் வினை.

பொருட்காட்சிக் கதவைச் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நாங்கள் பதினொரு மணிக்கெல்லாம் கோரிப்பாளையத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டோம். அய்யா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம், கூட்டிட்டுப் போப்பா, ஒன் ஓட்டலுக்கு" என்றார். நான் படபடவென்று நடந்தேன். எங்கே போகிறோம் என்று தெரியாதவன்தான் வேகமாக நடப்பான்.

முதலில் ஒரு ஓட்டல். சாப்பிடுகிற ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றுகொண்டு, இவர் எப்போது எழுந்திருப்பார் என்று அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஆத்தாடி, இம்புட்டுக் கண்ணு விழுந்த சோறு உள்ள எறங்குமாடா?" அடுத்தது கறிக்குழம்பு மணந்த ஓட்டல். எனக்கும் அய்யாவுக்கும் அங்கேயே கால் ஒட்டிக்கொண்டது. ஆனால் உள்ளே அம்புட்டுப் பேரும் ஆம்பளைகள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். திரையும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா என் காதைத் திருகி, "இதான் நீ சொன்ன பேமிலி ரூமா?" என்றாள்.

மூன்றாவதாக நான் பிடித்தது ரொம்பப் பெரிய இடம். வழவழவென்று தரை, வாசலில் பெரிய போர்டு. போர்டைப் படிக்கத் தெரியாவிட்டாலும் படித்தவன் மாதிரி தலையை ஆட்டி, "இதேதான்" என்றேன். அக்காவோ எதிர்க்கடை வளையலில் கண்ணாக இருந்தாள். அய்யா உள்ளே போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு நோட்டைப் பிரித்து, "எத்தன பேரு? எத்தன நாளைக்கு?" என்று கேட்டார்.

"நாலு பேருங்க. ஒரு வேளைக்குத்தேன்."

"ஒரு வேளைக்கெல்லாம் குடுக்கிறதில்லங்க. ஒரு நாளாவது எடுக்கணும்."

அய்யா வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "இங்க காலையில இருந்து ராத்திரி வரைக்கும் சேந்தாப்புல திண்டாத்தான் போடுவாகளாம். நமக்கு அம்புட்டு வயிறு இல்லப்பா." அதற்குள் போர்டைப் படித்துவிட்ட அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அது ஆட்கள் தங்குகிற லாட்ஜ்.

அதற்குப் பிறகு எந்தத் தெருவில் நுழைந்தாலும் அதே புளியமரம், அதன் அடியில் அதே குடை ரிப்பேர்காரர். முதல் தடவை அவர் எங்களைப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை பார்த்தார். மூன்றாவது தடவை வேலையை நிறுத்திவிட்டு, "வாங்கண்ணே" என்று அய்யாவை வரவேற்றார்.

வெயில் உச்சிக்குப் போய் இறங்கவும் தொடங்கிவிட்டது. ஆத்தா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நெசத்தச் சொல்லு. நீ ஓட்டல்ல சாப்ட்டியா?" நான் புளியமரத்தைப் பார்த்தேன். "டீ குடிச்சேன்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "அரை கிளாஸு" என்றேன். அய்யா கையை ஓங்கிவிட்டார். ஆத்தா தடுக்கவில்லை. ஆனால் குடைக்காரர், "விடுங்கண்ணே, சாப்பாட்டு நேரத்துல புள்ளைய அடிக்காதீக" என்று சொல்லிவிட்டு, குடைக்கம்பியாலேயே வழி காட்டினார். தெருமுனையில், மாடிப்படி ஏறினால் ஓட்டல், பேமிலி ரூம் உண்டு, ஆனால் மூன்று மணிக்குச் சாப்பாடு முடிந்துவிடும், ஓடுங்கள் என்றார். ஓடினோம்.

கல்லாவில் டோக்கன் கொடுத்தவர், "கடைசிப் பந்தி, சீக்கிரம்" என்றார். படியேறிப் போனால் நிஜமாகவே ஒரு பேமிலி ரூம். பலகைத் தடுப்பு, கம்பியில் வளையம் மாட்டின பச்சைத் திரை, முனகிக்கொண்டே சுற்றுகிற காத்தாடி, சுவரில் ஆளுயரத்துக்குக் கண்ணாடி. நான் இட்டுக்கட்டிச் சொன்னது அம்புட்டும் அங்கே இருந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

தோளில் துண்டு போட்ட சர்வர் அண்ணன் ஒருவர் வந்து நான்கு இலை போட்டார். நான்கிலும் சோறு வைத்தார், சாம்பார் ஊற்றினார். நான் சொன்னேனே, அந்தப் பச்சை வாசம், அது அப்போதுதான் முதன்முதலாக என் மூக்கில் ஏறியது. பிறகு எனக்கு எதுவும் தெரியாது. குனிந்தவன் மோருக்குத்தான் நிமிர்ந்தேன். அய்யாவும் அப்படித்தான். இடையில் என் இலையில் ஒரு அப்பளம் கூடுதலாக வந்து விழுந்தது, பொரியல் தானாக ஊறியது. நல்ல ஓட்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஆத்தா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் இலையில் அப்பளம் இல்லை, பொரியல் இல்லை. சோறு மட்டும் வைத்தது வைத்தபடி, சாம்பாரில் ஏடு படிந்து கிடக்கிறது. நாங்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். எங்களுக்கு முன்னால் சோற்றில் கை வைக்க அவளுக்குத் தெரியவில்லை. இலை எடுக்க வந்த சர்வர் அண்ணன் திகைத்துப்போய், "என்னக்கா, சாப்பாடு பிடிக்கலையா?" என்றார்.

"ஐயையோ, அதெல்லாம் இல்லய்யா. இவுக திண்டு முடிக்கட்டும்னு இருந்தேன். இனிமே நான் திண்டுக்கிருவேன்."

"ஆறிப்போச்சேக்கா!"

"ஆறுனா என்ன, வீட்லயும் இப்பிடித்தேன" என்று ஆத்தா சோற்றில் கை வைத்தாள்.

எனக்கு என்ன வந்ததோ, ஓங்கி அழ ஆரம்பித்துவிட்டேன். "சுடுசோறு திங்கத்தான வந்த! ஆவி பறக்கணும்னு சொன்னேல!" என்று ஆத்தாவின் கையைப் பிடித்து இழுக்கிறேன், அக்கா என்னை இழுக்கிறாள், அய்யா யாரை இழுப்பது என்று தெரியாமல் நிற்கிறார். அவர் முகம் புதுசாக ஒன்றைப் பார்த்த முகமாக இருந்தது. "சூடா இன்னொரு எலை போட முடியாதாப்பா?" என்று சர்வரிடம் கேட்டார்.

"சாப்பாடு முடிஞ்சு போச்சுண்ணே. அண்டாவக் கவுத்தாச்சு" என்று சொன்ன அந்த அண்ணன், ஆத்தாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இருங்க. நாங்க திங்கிறதுக்கு இப்பத்தான் ஒரு ஒல வடிச்சு எறக்குனாக. அதுல கொண்டாரேன்."

"நீ இன்னும் சாப்பிடலையாய்யா?" என்றாள் ஆத்தா.

"எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியிலதானக்கா எங்களுக்கு."

ஆத்தா முகம் அப்படியே மலர்ந்துபோனது. "அட, அப்ப நீயும் நம்ம ஆளுதானா! கொண்டா, கொண்டா. ஒனக்கு மிச்சம் வச்சுட்டுக் கொண்டா."

புது இலை வந்தது. சோறு வந்தது. ஆவி பறக்கிறது என்பதெல்லாம் அதற்குக் காணாது, ஆத்தா முகமே அதற்குப் பின்னால் தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு சுற்றி நின்றோம். ஆத்தா கையை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். "இப்பிடி முழிச்சு முழிச்சுப் பாத்தா எப்பிடித் திங்கிறது? அங்கிட்டுத் திரும்புங்க. நீங்களுந்தேன்!" என்றாள். நீங்களும் என்றது அய்யாவை. அய்யாவும் திரும்பினார். ஊருக்குள் வரப்புத் தகராறுக்கு நாலு பேரை ஒண்டியாக விரட்டின ஆள், பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம்.

ரசவாளியோடு திரையை விலக்கின சர்வர் அண்ணன் பயந்துபோனார். "என்னக்கா, மூணு பேரையும் நிப்பாட்டி வச்சிருக்கீக? என்ன தப்பு செஞ்சாக?"

"அது கெடக்கு. ரசத்த ஊத்துய்யா."

எனக்கும் அக்காவுக்கும் கண்ணாடிப் பக்கம் வாய்த்திருந்தது. ஒரு காலை மடக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஆத்தா சாப்பிட்டாள். உருண்டை பிடித்து, ஊதி, வாயில் போட்டாள். நான் அவள் ஊதிச் சாப்பிட்டு அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

அய்யா பலகையைப் பார்த்தபடியே, "இன்னங் கொஞ்சம் போட்டுக்க" என்றார்.

"ஆங், போட்டுக்கிறேன். நீங்க திரும்பாதீக" என்றாள் ஆத்தா. பிறகு கண்ணாடியில் என் கண்ணைப் பிடித்துவிட்டு, "டேய் அரை கிளாஸு! ஒனக்குத் தனியாச் சொல்லணுமா?" என்றாள்.

போன மாசம் பேரப்பிள்ளைகளோடு ஊருக்கு வெளியே ஒரு பார்க்குக்குப் போயிருந்தோம். எங்கே சாப்பிடுவது என்று போனில் தள்ளித் தள்ளிப் பார்த்து, எந்த ஓட்டலுக்கு எம்புட்டு நட்சத்திரம் என்று முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். வழியில் ஒரு குடைக்காரரும் தட்டுப்படவில்லை. கடைசியில் போய் உட்கார்ந்த இடத்தில் திரையும் இல்லை, தடுப்பும் இல்லை. பேத்திதான் முதலில் சாப்பிட ஆரம்பித்தாள், யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நன்றாக இருந்தது பார்க்க. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் என் கடை, அதனால் ஊரைச் சுற்றிவர எனக்கு நேரம் வாய்ப்பதில்லை. என்றாலும் ஒரு நாள் கோரிப்பாளையத்தில் அந்த மாடிப்படியைத் தேடிப் போனேன். செல்போன் கடை இருந்தது. படியே இல்லை.

அது போகட்டும். அன்றைக்குச் சாயங்காலம் பொருட்காட்சியில் நடந்ததை நான் இன்னும் சொல்லவே இல்லையே. ராட்டினம் வேண்டாம் என்று சொன்ன அதே ஆத்தா, வயிறு நிறைந்த தெம்பில், வரிசையில் நின்ற எங்களை எல்லாம் விலக்கிக்கொண்டு நேராக டிக்கெட் கிழிக்கிறவனிடம் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்ன கேட்டாள் தெரியுமா, "ஏப்பா, இது ஒசக்க போயி நின்னா எங்க ஊரு—"

"ஏங்க! எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன்? சோறு ஆறிப்போயிக் கெடக்கு. நீங்க வந்து திண்டாத்தான நான் உக்கார முடியும்?"

என் வீட்டுக்காரிதான்.

"இந்தா வாரேன். நீ மொதல்ல உக்காரு. கரண்டிய இங்கிட்டுக் குடு."