சுருட்டின் மேல் விழுந்த பழி

சிவபாதம் அண்ணை காலமான செய்தி வந்தபோது என் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "மிஸ்ஸி, அண்ணை போட்டார்" என்று ஆஸ்பத்திரி விடுதியிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். கொள்ளிகளை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து, அவை அணைந்ததைப் பார்த்த பிறகுதான் வீட்டை விட்டு இறங்கினேன். இல்லாவிட்டால் அந்த மனிதர் எழும்பி வந்து ஏசியிருப்பார்.

தீக்காய விடுதியில் நான் தாதி, அவர் சிற்றூழியர். நாங்கள் காயத்துக்கு மருந்து கட்டுவோம். அண்ணை அடுப்பை விசாரிப்பார். "மண்ணெண்ணெய் ஊத்தினீங்களோ? ஏன், அடுப்பு மூட்ட வீட்டிலை பன்னாடை, சிரட்டை ஒண்டும் இல்லையோ?" நோயாளி முனகும் நேரத்தில் இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல் வரும். பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் தீக்காயத்தோடு வராதபோதுதான் அதன் அருமை புரியும்.

எரிவாயுவுக்கு வரிசையில் நின்று களைத்து எல்லோரும் விறகடுப்புக்குத் திரும்பிய காலத்தில், அண்ணை சைக்கிளில் வந்து எங்கள் குசினிகளுக்குள் நுழையத் தொடங்கினார். என் மகள் இருந்து படிக்கும் குசினிக் கொட்டிலில் மழைக்குப் பயந்து நான் பொலித்தீனால் அடைத்திருந்த புகைக்கூட்டைக் கண்டதும், "பிள்ளையைக் கருவாடாக்கப் போறியளோ?" என்று அதைப் பிடுங்கி எறிந்தார். அடுப்புக்கு மேலே காயப்போட்டிருந்த விறகையும் இறக்கினார். "சாம்பலைக் கொட்ட முன்னம் புறங்கையை மேலை பிடிச்சுப் பாருங்கோ. சூடு தெரிஞ்சால் மூடி போட்ட தகர வாளிக்குள்ளை கிடக்கட்டும்." நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு விடுமுறைக் காலையில், சாம்பலை அள்ளி வாழையடியில் கொட்டினேன். வாழைக்குச் சாம்பல் போடாத வீடு எங்கள் பக்கம் ஏது? ஆனால் அந்த வாழை பனையோலை வேலியோரம் நின்றது. நடுப்பகலில் சோளகக் காற்று எழும்பியது. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது வேலி எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு கொட்டிலை நோக்கிப் போனது. உள்ளே என் மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கென்று ஒரு தகர வாளி வாங்கிக்கொண்டு அண்ணை அந்த நேரம்தான் படலையைத் திறந்தார். பிள்ளையை வெளியே கூப்பிட்டார். இரும்பு அலவாங்கால் வேலியின் ஒரு துண்டை இடித்துச் சாய்த்து நெருப்பின் வழியை மறித்தார். மிச்சத்தை நான் கிணற்றுத் தண்ணீரால் அணைத்தேன்.

பக்கத்து வளவுக்காரர் ஓடி வந்தார். அவருக்கும் எங்களுக்கும் இரண்டு வருடம் எல்லைச் சண்டை. அப்போதுதான் ஒருமாதிரி முகம் பார்த்துக் கதைக்கத் தொடங்கியிருந்தோம். "ஆர் நெருப்பு வைச்சது?" என்று கத்தினார். நான் வாழையடியைப் பார்த்தேன்.

"என்ரை சுருட்டு, தம்பி. தெரியாமல் எறிஞ்சு போட்டன்" என்றார் அண்ணை.

வந்தவர் அவரைப் பார்த்து அடங்கிவிட்டார். அடுத்த கிழமை அண்ணையே ஓலை கொண்டுவந்து வேலியைக் கட்டினார். "வேலியை ஓலையாலை கட்டலாம் மிஸ்ஸி. முகம் முறிஞ்சால் எதாலை கட்டுறது?" என்றார்.

கதை விடுதிவரை பரவியது. அதற்குப் பிறகு அங்கே அவருக்கு நிம்மதியே இல்லை. அடுப்புக்குப் புத்தி சொல்ல வாயெடுத்தால், "முதலிலை உங்கடை சுருட்டை அணையுங்கோ அண்ணை" என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். இவ்வளவு காலமும் அப்படியே நின்றேன்.

செத்த வீட்டிலும் யாரோ அந்தக் கதையை எடுத்தார்கள். அழுகைக்கிடையில் எல்லோரும் சிரித்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய மனைவியின் பக்கத்தில் போயிருந்து, "அக்கா, அது அண்ணையின்ரை சுருட்டில்லை. நான் கொட்டின சாம்பல்" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "தெரியும் பிள்ளை. அதுக்கு முதல் கிழமைதான் என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணிச் சுருட்டை விட்டவர். என்ரை மனுசன் சத்தியம் தவறுவாரோ?"

அண்ணையை அறிந்தவர்களே, அவர் தந்த தகர வாளி என் அடுப்படியில் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் சாம்பலுக்கு மேலே புறங்கையைப் பிடிக்கிறேன். எனக்காக அவர் சுமந்த அந்தப் பழியை மட்டும் இனி அவரிடம் விட்டு வைக்க மாட்டேன். வேலியை எரித்தது நான்.