பதினோரு நீல வட்டங்கள்

மடக்கிய குடையைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தபடி கோபு முன்னால் நடக்கிறார். பின்னால் வருகிறவர்கள் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக. பின்னால் வருகிறவர்கள் இரண்டு பேர். இரும்புலியூரின் அந்தத் தெருவில் ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் தொலைய நினைத்தாலும் இடம் கிடையாது.

ஒருவர் பத்ரி, வங்கியில் ஓய்வு பெற்றவர். தினம் ஏழாயிரம் அடி நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கோபு நின்று வரலாறு சொல்லும்போதெல்லாம் இவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்துக்கொண்டிருப்பார். "நீங்க சொல்லுங்க சார். நான் நின்னா கவுண்ட் ஏறாது." இன்னொருவர் மெட்டில்டா டீச்சர். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். நடுவில் கேள்வியும் கேட்பார். அது ஒன்றுதான் கோபுவுக்குப் பிடிக்காது.

"இந்த எடத்துல ஒரு புளிய மரம் இருந்துச்சு. அதுக்கடியில வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருத்தர் குதிரைய நிறுத்தி மோர் வாங்கிக் குடிச்சாரு."

"அவர் பேர் என்ன சார்?"

"மோர் குடிக்க வந்தவன்கிட்ட யாரும்மா பேர் கேப்பாங்க?"

பெயர் தெரியவில்லை என்று டீச்சர் எழுதிக்கொள்வார். மரம் நின்றதாகச் சொல்லப்படும் இடத்தில் இப்போது முத்தாலம்மாளின் இட்லிக் கடை இருக்கிறது. கடை என்றால் வீட்டு வாசலிலிருந்து மூன்றடி தெருவுக்குள் வந்துவிட்ட ஒரு கருங்கல் மேடை. அதன்மேல் அடுப்பு, இட்லிக் கொப்பரை, சாம்பார் வாளி.

போன வருஷம் இங்கிலாந்தில் மகள் சத்யப்ரியா வீட்டில் நாலு மாதம் இருந்தபோதுதான் கோபுவுக்கு இந்தப் பழக்கம் தொற்றியது. அவள் இருந்தது ஒரு பழைய ஊர். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் குடையைத் தூக்கிக்கொண்டு தான் பிறந்த ஊரைச் சுற்றிக் காட்டினார். ஒரு ராஜா குதிரை மாற்றிய சத்திரம், தனக்குப் பிரம்படி கிடைத்த பள்ளிக்கூடம், இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். முப்பது பேர் பயபக்தியோடு கேட்டார்கள். சுவர்தோறும் நீல வட்டப் பலகையும் எண்ணும். தூறல் போட்டபோதுகூட அவர் குடையை விரிக்கவில்லை. விரித்தால் அது வெறும் குடை. கோபுவுக்கு அது புரிந்தது. "அவன் ஊர்ல இருக்கற எல்லாம் நம்ம ஊர்லயும் இருக்கு. சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல" என்று அங்கிருந்தே போனில் எல்லோருக்கும் அறிவித்தார்.

பதினோரு இடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். குடும்பத்து நெல் வயலாக இருந்து அவரே விற்று நாலு மாடியாக எழுந்த அடுக்ககம். முதல் மின்கம்பம். அவர் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்த முனை. வரலாறு போதாத இடங்களில் தன்னைப் போட்டு நிரப்பிக்கொள்வார்.

சென்ற மாதம் சத்யப்ரியா அங்கிருந்தபடியே இணையத்தில் ஒரு அறிவிப்புப் போட்டாள். வேளச்சேரி, குரோம்பேட்டை என்று பதினாலு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பதினாலு! கோபு வியாழன் விடிகாலையில் நீலப் பெயிண்ட் டப்பாவோடு கிளம்பினார். குரோம்பேட்டை இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றின் சர்வே லேபில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவர். எண்களை வெட்டிய தகர அச்சு கைவசம் இருந்தது. பதினோரு சுவர்களில் பதினோரு வட்டம், உள்ளே எண், பக்கத்தில் அழகுக்காக ஒரு அம்புக்குறி. யாரிடமும் கேட்கவில்லை. நம்ம ஊர்ச் சுவர்.

எட்டு மணிக்குத் தெரு விழித்துக்கொண்டது.

வட்டத்துக்குள் எண் போட்டு அம்புக்குறி வைத்தால் என்ன அர்த்தம் என்று ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரோடு அகலப்படுத்தப் போகிறார்கள். கூட்டம் கூடியது. அளவு எதுவரை என்று ஒருவரும் கேட்கவில்லை. தாம் எத்தனை அடி தெருவுக்குள் வந்திருக்கிறோம் என்பது அவரவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் எண் சுப்ரமணியன், கார் ஏற நாலடி நீளத்துக்குக் கட்டியிருந்த சிமென்ட் சரிவை வெள்ளிக்கிழமையே ஆள் வைத்து உடைத்தார். "அவன் வந்து இடிச்சா தூள்தான் மிஞ்சும். நாமளே இடிச்சா செங்கலாவது மிஞ்சும்" என்றார். எண் விழாத வீட்டுக்காரர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். நஷ்ட ஈடு இரண்டு பங்கு என்று மதியம் ஒரு பேச்சு கிளம்பியதும் அவர்கள் முகம் சுருங்கியது. சனிக்கிழமை காலையில் தெருக்கோடி வீட்டுச் சுவரில் பன்னிரண்டு என்று ஒரு வட்டம் முளைத்திருந்தது. தான் போடாத எண்ணைப் பார்த்ததும் கோபுவே நின்றுவிட்டார். நிஜமாகவே வந்துவிட்டார்களோ? அருகில் போய்ப் பார்த்தார். நீலம் வேறு நீலம், வட்டமும் கோணல்.

முத்தாலம்மாள் வெள்ளிக்கிழமையே அவரைக் கடைக்கு முன்னால் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

"கோபண்ணா, ஏழுன்னு போட்டுட்டு பூட்டானுங்க. இந்த மேடை போச்சுன்னா அடுப்ப எங்க வெக்கறது, என் தலை மேலயா? நீ காலேஜ்ல சர்வேல இருந்தவன். ஆபீஸருங்கள தெரியும்ல? இன்னா ஏதுன்னு கேளேன்."

கோபு வாயைத் திறந்தார். சொன்னால் பதினோரு வீட்டுக்காரர்களும் அன்றைக்கே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். பதினாலு பேர் வெற்றுச் சுவர்களைப் பார்ப்பார்கள்.

"விசாரிக்கிறேன்" என்றார்.

"முதல்ல துன்னு. எனக்காவ அலையப் போற, உன்கிட்ட துட்டு வாங்குவனா?"

இரண்டு இட்லி சாப்பிட்டார். கொஞ்சம் யோசித்து மூன்றாவதும் சாப்பிட்டார். சனிக்கிழமையும் விசாரித்துக்கொண்டிருந்தார், நாலு இட்லி.

ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேரும் வந்தார்கள். எல்லோர் கையிலும் கோபு கொடுத்த வரைபடம். அதில் பதினோரு நீல வட்டங்கள். பத்ரி கூட்டத்தைப் பார்த்து மிரண்டு கடைசியில் சேர்ந்துகொண்டார். முதல் ஆறு இடங்களிலும் கோபு அந்தத் தபால்காரராகவே மாறியிருந்தார். உடைந்த சிமென்ட் சரிவைக் காட்டி, "பழைய கட்டுமானம்" என்றார். இரண்டு பேர் படம் எடுத்தார்கள்.

ஏழாவது இடத்தில் மேடை காலியாக இருந்தது. கொப்பரையும் வாளியும் தரையில் இறங்கியிருந்தன. பக்கத்தில் கடப்பாறையோடு ஒரு கொத்தனார். முத்தாலம்மாள் கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"வந்துட்டியா கோபண்ணா! மனு குடுக்கவா இத்தினி பேர இட்டாந்துகீற? நீ நல்லா இருக்கணும். இவன வேற வரச் சொல்லிட்டேன். சுப்ரமணி சார்தான் சொன்னாரு, நாமளே இடிச்சா கல்லாவது மிஞ்சும்னு."

"அங்கிள், ஸ்டாப் செவன் இதானே? கலெக்டர் மோர் குடிச்ச இடம்?" என்று கேட்டாள் ஒரு பெண், வரைபடத்தைச் சுவருக்கு நேரே பிடித்துப் பார்த்தபடி.

முத்தாலம்மாளுக்கு அது காதில் ஏறவில்லை. "எதுக்கும் ஒரு கல்ல பேத்து வை" என்றாள் கொத்தனாரிடம். அவர் உள்ளங்கையில் எச்சில் தொட்டுக்கொண்டார். கோபு புளிய மரத்திலிருந்து ஆரம்பிக்கப் பார்த்தார். புளிய மரம் வரவில்லை. கடப்பாறை மேலே போனது.

"நிறுத்துப்பா. அது ஹைவேஸ் ஏழு இல்ல. என் ஏழு."

"உன் ஏழுன்னா?" என்றாள் முத்தாலம்மாள்.

"நான் போட்டது. இவங்களுக்குக் காட்றதுக்கு."

அவள் சுவரைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதே வட்டம், அதே ஏழு.

"ரெண்டு நாளா விசாரிக்கிறேன் விசாரிக்கிறேன்னு என் இட்லிய துன்னுகினு இருந்தியே, யாரைய்யா விசாரிச்ச?"

இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். மெட்டில்டா டீச்சர் எழுதுவதை நிறுத்தினார். பத்ரியின் கால்கள் முதல் முறையாக நின்றன. தெருவின் அந்தப் பக்கம், தன் வாசலில் மிஞ்சிய செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்த சுப்ரமணியன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு செங்கல்லைக் கீழே வைக்க மறந்தவராக, மெதுவாக இந்தப் பக்கம் நடந்து வந்தார்.

வானத்தில் மேகம் இல்லை. வெயில் இன்னும் மொட்டைமாடிகளைத் தாண்டி இறங்கவில்லை. கோபு தலைக்கு மேலிருந்த குடையை முகத்துக்கு நேராக இறக்கி, பொத்தானை அழுத்தி விரித்தார்.