படம் வந்தது, பேச்சு வரவில்லை

டிவி பழுது பார்க்கிறவனிடம் நன்றாக ஓடுகிற டிவியை யாரும் கொண்டுவந்து காட்டுவதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம். எண்பதுகளில் மலாய் நாட்டில், சிரம்பான் பக்கம் ரந்தாவில் சின்னக் கடை வைத்திருந்தேன்.

சன்னல்

அதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், எங்களை வேலை வாங்குகிற மண்டோர் வீட்டில் மட்டும்தான் டிவி. சனிக்கிழமை தமிழ்ப்படத்தை நாங்கள் வெளியே நின்று சன்னல் வழியாகப் பார்ப்போம். பிடிக்காத ஆள் நின்றால் மண்டோர் பாதிப் படத்தில் சன்னலைச் சாத்திவிடுவார். ஒருநாள் என்னைக் கண்டு சாத்தினார். கூட நின்றவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். நான் பழுதுவேலை கற்றதே அந்தக் கோபத்தில்தான். அன்று சாத்தும்போது மண்டோர் உள்ளேயிருந்து சொன்னது இது: "படம் வேணும்னா சொந்தமா பெட்டி வச்சிப் பாருடா!"

சீமைப் பெட்டி

அதே லயத்து மாரியாயி, தம்பி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த டிவியை டாக்சியில் ஏற்றி என் கடைக்கு வந்தது. படம் பளிச்சென்று வந்தது. சத்தம்தான் இல்லை, வெறும் இரைச்சல். அங்கே சத்தம் வருகிற அலை வேறு, இங்கே வேறு. முதலில் காட்டிய சிரம்பான் கடையில் கையை விரித்துவிட்டார்கள். அதற்குள் மாரியாயி சனிக்கிழமைப் படத்துக்கு லயத்தையே வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டது. அதன் முகத்திலும் மண்டோர் சன்னலைச் சாத்தியவர்தான்.

"ஊமைப்படம் காட்டினா அந்த ஆளு வயிறு வலிக்கச் சிரிப்பாருண்ணே. எப்படியாச்சும் பேச வைங்கலா!"

சாத்தே குச்சி

சத்தத்துக்கான கம்பிச்சுருளின் நடுவில் கரித்துண்டு மாதிரி ஒன்று இருக்கும். அதைத் திருக வேண்டும். இரும்புத் திருப்புளி பட்டால் உடைந்துவிடும். கறியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்கும் பக்கத்துச் சாத்தே கடையில் மூங்கில் குச்சி வாங்கி, நுனியைத் தட்டையாகச் சீவித் திருகினேன். இரைச்சல் குறைந்தது, பேச்சு வரவில்லை. விடுவேனா? செத்துப்போன உள்ளூர் டிவி ஒன்றைப் பிரித்து, அதன் சுருளையே எடுத்து இதில் பற்றவைத்தேன். மறுபடி குச்சி, மறுபடி திருகல். திடீரென்று செய்தி வாசிப்பவர் வாய் திறந்து பேசினார். எட்டிப் பார்த்த சாத்தே கடைக்காரர் மலாயில் கேட்டார்: "டிவிக்குப் பசி தீர்ந்துச்சா?"

சனிக்கிழமை

மாரியாயி வீட்டில் உட்கார இடமில்லை. பாதிப் படத்தில் சன்னலுக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. மண்டோர்! லயமே இங்கே இருக்க, வீட்டில் தனியாகப் பார்க்கப் பிடிக்கவில்லை போலும். இத்தனை வருசம் இதற்காகத்தான் காத்திருந்தேன். எழுந்துபோய் சன்னல் கதவில் கை வைத்தேன். மாரியாயி என் கையைத் தட்டிவிட்டு வெளியே பார்த்துச் சொன்னது: "உள்ள வாங்க மண்டோர். செருப்ப மட்டும் வெளிய விட்டுடுங்க."

சீமை டிவியைப் பேச வைத்துவிட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மண்டோரிடம் நான் மட்டும் இன்றுவரை பேசவில்லை.