குளமும் கரையும் இடம் மாறிய வாரம்

நான்காம் வகுப்பில் நான் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தேதி, கிழமை, மழை பெய்ததா இல்லையா என்ற குறிப்பு. அதற்குக் கீழே பெரும்பாலும் ஒரே செய்திதான்: 'குளம் கரை. நான் ஜெயிச்சேன்.'

விளையாட்டு எளியது. பள்ளி முற்றத்து மணலில் ஒரு பெரிய வட்டம். உள்ளே குளம், வெளியே கரை. டீச்சர் 'குளம்' என்றால் உள்ளே குதிக்க வேண்டும். 'கரை' என்றால் வெளியே. தவறினால் அவுட். ஜூன் முதல் ஜனவரி வரை நான் ஒருமுறைகூட அவுட் ஆனதில்லை. நோட்டே சாட்சி.

அந்த டீச்சர் என் அத்தை. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். பள்ளிக்குள் 'டீச்சர்' என்றும் வெளியே 'அத்தை' என்றும் கூப்பிட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். எல்லைக்கோட்டை நான் வகுத்துக்கொண்டேன்: பள்ளி கேட் உருளும் இரும்புத் தண்டவாளம். அதைத் தாண்டும்போது பேச்சின் நடுவிலும் விளிப்பை மாற்றிவிடுவேன். விதி என்றால் எனக்கு அவ்வளவு பிடித்தம். எங்கள் வீடு இருந்த சாலைக் கடைத்தெருவிலிருந்து கிளம்பும் ஆட்டோ பழவங்காடிக் கோவில் வழியாகப் போகாமல் வேறு பக்கம் திரும்பினால் பள்ளி வரும்வரை அழுவேன். கிழிந்த தோசையைத் தொடமாட்டேன்.

அந்த வருட விளையாட்டு விழாவில் குளம் கரையில் ஜெயிப்பவர் ஒரு வாரம் பள்ளி மணி அடிக்கலாம் என்று அறிவித்தார்கள். வராந்தாவில் தொங்கும் அந்தப் பித்தளை மணியை நான் முதல் வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கள் முதல் நான்தான் அடிப்பேன் என்று அப்பாவிடமும், சாலையில் எங்கள் அரிசிக்கடையில் மூட்டை இறக்கும் அண்ணன்மார் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன்.

விழா வெள்ளிக்கிழமை. மழை இல்லை. நாங்கள் கரையில் வட்டமாக நின்றபிறகு அத்தை சொன்னார்: "ஒரு விசில் அடிச்சா பழையபடி. ரெண்டு விசில் அடிச்சா தலைகீழ். குளம்னா கரை, கரைன்னா குளம். மனசிலாயோ?"

"மனசிலாயி டீச்சர்!" என்று மலையாளத்தில் கத்தினோம். என் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.

இரண்டு விசில். "குளம்!"

கண் இமைக்கும் நேரத்தில் நான் குளத்தில் இருந்தேன். சுற்றிப் பார்த்தால் உள்ளே வேறு யாரும் இல்லை.

"நீ அவுட்டு" என்றார் அத்தை.

"அத்தே! இது கள்ளக்களி, ஏமாத்து!"

முற்றமே சிரித்தது. மதிலில் இருந்த காக்கையைப் பார்த்தபடி நின்ற ஷிபு திரும்பி, "அத்தே, ஞானும் அவுட்டாணோ?" என்று கேட்டான்.

"நீ அசையவே இல்லையே, எப்படிடா அவுட்டு?"

கடைசியில் ஜெயித்தது அந்த ஷிபுதான். திங்கட்கிழமை அவன் இடைவேளை மணியைப் பத்து நிமிடம் முன்னதாக அடித்தான். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

விழா அன்று இரவுச் சாப்பாட்டில் என் பழிவாங்கல் தொடங்கியது. "டீச்சர், சாம்பார் போதும்" என்றேன்.

"ஏட்டி, இது என்ன அகராதி?" என்று அம்மா கரண்டியை ஓங்கினார்.

"விடுங்க மதினி, கூப்பிடட்டும்" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்பப் பெரிய சந்தேகம்போலக் கேட்டார்: "வீட்டுல டீச்சர்னா, ஸ்கூல்ல நான் யாருட்டி?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "அத்தை" என்றேன்.

"மறக்கமாட்டியே?"

"நான் மறப்பேனா?"

மறக்கவில்லை. திங்கள் முதல் அந்த வாரம் முழுக்க, தண்டவாளத்துக்கு உள்ளே அத்தை, வெளியே டீச்சர். கேட் வந்ததும் அத்தை உதட்டைக் குவித்து மெல்ல இரண்டு தடவை விசிலடிப்பார். என்னைத் தடுமாற வைக்கத்தான் என்று நினைத்து இன்னும் கவனமாக இருந்தேன். வகுப்பில் மற்றவர்களும் என்னைப் பார்த்து அவரை 'அத்தை டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அத்தை திருத்தவில்லை. 'இன்னைக்கும் ஒரு தப்பும் பண்ணல. அத்தைக்கு நல்லா வேணும்' என்று ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன்.

இந்தக் கோபம் தொடங்கிய தேதி நோட்டில் தெளிவாக இருக்கிறது. முடிந்த தேதியை எவ்வளவு தேடியும் காணவில்லை. விழாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைக் குறிப்பு மட்டும் இருக்கிறது:

'மழை இல்லை. ரெண்டு விசில் குளம் கரை. கடைசி மூணு பேர்ல நானும் ஷிபுவும். ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு விழுந்து, சிரிச்சுச் சிரிச்சு அவுட் ஆனோம். இந்தத் தடவை எனக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியல. பிராக்டிஸே பண்ணல.'