இரண்டாவது அடுப்பு

உறுவையாறு கிராமத்தில் எங்கள் தெருவில் முதல் மெத்தை வீட்டைக் கட்டியவன் நான். மேட்டு நிலத்தில் தண்ணீர் வராது என்று ஊரே கைவிரித்த இடத்தில் கிணறு வெட்டி, கரும்பு போட்டு, வண்டி வண்டியாக ஏற்றினவனும் நான்தான். வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்து நெல் மில்லில் மூட்டை தூக்கப் போனவன், பிற்பாடு அதே சாலையில் சொந்தமாக ஒரு மில் வைத்தேன். படிப்பு மூன்றாவதோடு சரி. வாத்தியார் பிரெஞ்சில் ஏதோ கேட்டார், நான் தமிழில் ஏதோ சொன்னேன், இரண்டு பேருக்கும் அத்தோடு போதும் என்று ஆகிவிட்டது. இத்தனையும் செய்தேன். ஆனாலும் நான் கட்டியதிலேயே பெரியது எது என்று கேட்டால், ஒரு தகர டின்னைத்தான் சொல்வேன். சிரிக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

போன வெள்ளிக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பேச்சுக்குத்தான். எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பேப்பரை எடுப்பேன், வைப்பேன், மின்விசிறியைப் போடுவேன், நிறுத்துவேன். உள்ளே என் மருமகள்கள் இரண்டு பேரும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது.

"தொவரம்பருப்புக்கு நாலு விசில் வுடுக்கா, மூணுல வேவ மாட்டேங்குது."

"நாலு வுட்டா கொழஞ்சி பூடுது. ஒன் குக்கருக்கு ரப்பர் போயிடுச்சிடி, மொதல்ல அத மாத்து."

பேச்சு மும்முரத்தில் எதையோ பார்க்கத் தவறிவிட்டார்கள். சோறு பொங்கி, கஞ்சி வழிந்து, கேஸ் அடுப்பின்மேல் தீய்ந்த வாடை கூடம் வரைக்கும் வந்தது. நான் எழுந்து ஓடினேன். "மாமா, நீங்க போய் உக்காருங்க. கேஸாண்ட வராதீங்க" என்று சின்னவள் என்னைத் திருப்பி அனுப்பினாள். யாரை? என்னை! அடுப்பு விஷயத்தில் என்னை!

திரும்பி வந்து உட்கார்ந்தேன், எழுந்தேன். அந்த வாடை விடவில்லை. கஞ்சி தீய்ந்த வாடை வந்தால் எனக்கு எங்கள் செங்கேணி அண்ணியின் அடுப்படிதான் ஞாபகத்துக்கு வரும்.

அண்ணி என் பெரிய அண்ணனின் மனைவி. எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே வாந்திபேதியில் போய்விட்டார்கள். அப்போது எனக்கு இடுப்பில் துணி நிற்காத வயது. அண்ணன்தான் வளர்த்தார். அண்ணி வந்த நாளிலிருந்து அவள் கையால் தின்றுதான் இந்த உடம்பு. அவள் தானே புற்றுமண் குழைத்துப் போட்ட கொடியடுப்பு அது. முன்வாயில் எரிப்பது ஒரு தீ, பக்கத்துக் கொடியில் ஏறுவதும் அதே தீ. முன்னால் களி கிண்டினால் பின்னால் குழம்பு கொதிக்கும். காலையில் கூழ், மத்தியானம் கேழ்வரகுக் களி, ராத்திரிக்கு மட்டும் சோறு. எங்கள் சாப்பாடு அவ்வளவுதான். அதைப் பற்றி அண்ணியும் மற்ற பெண்களும் பேசின பேச்சு இருக்கிறதே, இன்றைக்கு விருந்து சாப்பிடுகிறவர்கள்கூட அவ்வளவு பேச மாட்டார்கள்.

கொல்லையில் பூவரச மரத்தடியில் சட்டி தேய்க்கும்போதுதான் பேச்சு. வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் பூரணி கூடையை இறக்கிவிட்டால் உடனே எழுந்திருக்க மாட்டாள்.

"இன்னாம்மா இன்னிக்கி?"

"இன்னா, களிதான். தொட்டுக்க நீதான் சொல்லணும்" என்பாள் அண்ணி.

"காரப்பொடி மீனு கீது. மாங்கா போட்டு வையி, ஒன் வூட்டுக்காரரு சட்டியோட தூக்கினு போயிடுவாரு."

"போன வாட்டி குடுத்தியே, பூரா முள்ளு. மீனு எங்கடி?"

"மீனு கடல்ல கீது. அதோட எலும்பாவது நடந்து வந்துதேன்னு சந்தோசப்படு."

எனக்குக் கல்யாணமான புதிது அது. என் மனைவி அஞ்சலை புதுச்சேரிக் கடையில் வாங்கின அலுமினியக் குண்டான் ஒன்றைச் சீராகக் கொண்டுவந்திருந்தாள். அண்ணிக்கு அதைக் கண்டாலே ஆகாது. தட்டிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். "இதுல கொழம்பு வச்சா தகரத்த நக்கின மாதிரி இருக்கும்." அஞ்சலை விட்டுக்கொடுக்க மாட்டாள். "சோறு மட்டும் வடிச்சிக்கிறேங்க்கா." "வடிச்சிக்கோ. கைய சுட்டுக்கினு எங்கிட்ட வராத." சொல்லிவிட்டுப் பிடிதுணியையும் அண்ணியே கிழித்துக் கொடுத்தாள். சண்டை என்றால் அவ்வளவு சண்டைதான்.

அப்புறம் உலகச் சண்டை வந்தது. சவுக்குக் கட்டையெல்லாம் ரயிலுக்கும் டவுனுக்கும் போய்விட, எங்களுக்கு மிஞ்சியது கரும்புச் சோகைதான், கரும்பின் காய்ந்த இலை. சோகை எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? குப்பென்று பிடிக்கும், கண்ணை மூடித் திறப்பதற்குள் அணையும். ஒருத்தி களி கிண்ட, ஒருத்தி குந்தி உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளுகிறவள் அஞ்சலை. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். புகை மூக்கில் ஏறினதும் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுப்பாள், வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி ஊதுவாள். நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். ஆண்பிள்ளை அடுப்பில் கை வைக்கக் கூடாது. பார்த்துக்கொண்டு சும்மாயிருக்கவும் என்னால் முடியாது.

நான் மூட்டை தூக்கின மில்லின் பின்புறம் உமி மலைபோலக் கிடந்தது. காற்றடித்தால் கண்ணில் விழுந்து தொல்லை கொடுக்கும், அதற்கு மேல் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எஞ்சின் எண்ணெய் வந்த டின் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மேல்மூடியை வெட்டி எடுத்தேன். அடியில் ஒரு பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டேன். அந்த ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி, நடுவில் அண்ணியின் உலக்கையை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கொட்டி இடித்து அடைத்தேன். உலக்கையையும் கட்டையையும் உருவினதும் பொலபொலவென்று சரிந்தது. வடித்த கஞ்சியைத் தெளித்துப் பிசறி அடைத்தேன், நின்றது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேறு எங்கேயாவது வேறு யாராவது செய்திருக்கலாம், நான் பார்த்தது கிடையாது.

பூவரச மரத்தடியில் டின்னை வைத்து, அடி ஓட்டையில் தீப்பெட்டியை உரசிப் பற்றவைத்தேன். நடுக்குழி வழியாகத் தீ நீலமாக ஏறி நின்றது. அஞ்சலை குண்டானை ஏற்றிவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உலை கொதித்தது. அவள் ஊதவில்லை, தள்ளவில்லை.

"இன்னாங்க இது, ஊதாமலே எரியுது!" என்று சிரித்தாள். கல்யாணமாகி அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணி அந்த நேரம் வயலுக்குக் கூழ் கொண்டுபோயிருந்தாள். வந்தது பூரணி. டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"யாரு வச்சது?"

"எங்க வூட்டுக்காரரு எனக்கோசரம் செஞ்சாரு" என்றாள் அஞ்சலை, பெருமையாக.

"நெருப்பு?"

"தீப்பெட்டிதான்."

பூரணி அதற்கு மேல் பேசவில்லை. கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பேசாமல் போன பூரணியை அதற்கு முன்னே யாரும் பார்த்ததில்லை.

உங்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அண்ணன் தம்பி சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்பதற்கு, "ஒரே அடுப்பா?" என்றுதான் கேட்பார்கள். வீட்டில் இன்னொரு அடுப்பு வைக்க வேண்டியிருந்தால், கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ, பெரிய அடுப்பிலிருந்து தணல் எடுத்துத்தான் மூட்டுவார்கள். புது நெருப்பில் புது உலை வைத்தால் பாகம் கேட்கிறான் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். டின்னை அடுப்பு என்று நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான். டின்னை டின் என்று நினைத்தேன்.

மீன் போன வீட்டுக்கெல்லாம் சேதியும் போனது. சாயங்காலம் அண்ணன் வில்லியனூர் சந்தையிலிருந்து திரும்பினபோது முகத்தைப் பார்த்தேன். யாரோ வழியிலேயே சொல்லிவிட்டார்கள். கொல்லைக்குப் போய் டின்னைப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்தப் பக்கம் வோணும் ஒனக்கு? ஆத்துப் பக்கமா, மேட்டுப் பக்கமா?"

"அண்ணே, இது அஞ்சலைக்குப் பொகை ஆவலன்னு..."

"வாய்க்கால் தண்ணி பாயறது ஆத்துப் பக்கம். அத எடுத்துக்கோ. நாளைக்குக் காலையில பெரியவங்கள வரச் சொல்லிட்டேன்."

தோளில் என்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர், நல்ல நிலத்தை எனக்கே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அண்ணி அடுப்படியிலிருந்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "எங்கையால தின்னது கசந்து போச்சின்னா, எங்கிட்ட சொல்லியிருக்கலாம் தம்பி."

நான் அந்த டின்னை எட்டி உதைத்துவிட்டு அண்ணன் காலில் விழுந்திருக்கலாம். வேறு எவனாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் காலையில் மறுபடியும் அந்தப் புகையில் போய் உட்காரப்போவது யார்? அண்ணனும் வேண்டும், அஞ்சலையும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க எனக்கு மனசில்லை.

பொழுது விடிந்து ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து வாசலில் பாயில் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "ஆரம்பிக்கலாமா?" என்றார். நான் எழுந்தேன். கொல்லைக்குப் போய் டின்னைத் தூக்கி வந்து, சாம்பலை அத்தனை பேர் முன்னாலும் கொட்டினேன். உமியைப் பிசறி அடைத்தேன். உலக்கையை உருவினேன். வெற்றிலைக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய், அண்ணியின் கொடியடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணி, தணல் குடுங்க."

களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை நிறுத்தினாள். அவள் கொடுத்தால் ஒரே அடுப்பு. கொடுக்காவிட்டால் வெளியே பாயில் இருப்பவர்கள் பாகம் பிரிக்க ஆரம்பிக்கலாம். அண்ணன் வாசற்படியில் வந்து நின்றார். அஞ்சலை புகையில் இருமினாள். அந்த இருமலை அடக்க அவள் பட்ட பாடு எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

அண்ணி அவளைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள்.

"இது இன்னா, எவ்ளோ நேரம் எரியும்?"

"கூழும் காய்ச்சலாம், களியும் கிண்டலாம். அதுக்கப்பறமும் எரியும் அண்ணி."

"ஊத வாணாமா?"

"வாணாங்க்கா" என்றாள் அஞ்சலை.

அண்ணி கிடுக்கியால் தணலை எடுத்தாள். என் கையில் கொடுக்கவில்லை. தானே குனிந்து டின்னின் ஓட்டையில் வைத்து, ஊதுகுழலால் ஒரே ஒரு ஊது ஊதினாள். பற்றிக்கொண்டது. களிச்சட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, "ஆடுது பாரு, அடைக்கத் தெரியல. இன்னும் இறுக்கி அடைச்சிருக்கணும்" என்று என்னைத்தான் திட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகையென்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, அந்த அடுப்பில் அவ்வளவாகப் புகையே கிடையாது.

அண்ணன் பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "வந்ததுதான் வந்தீங்க, களி தின்னுட்டுப் போங்க" என்றார்.

அந்த வீட்டில் அதற்கப்புறம் பாகம் என்ற பேச்சு அண்ணன் இருந்த வரைக்கும் எழவில்லை. அந்த மாதமே தெருப் பெண்கள் ஆளுக்கொரு டின்னோடு மில்லுக்கு வந்து நின்றார்கள். பூரணிதான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனாள், பாகூர் பக்கம் வரை. சேதியைத் தூக்கிப் போனவள்தானே, இதையும் தூக்கிப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கெல்லாம் அதற்கு "மீன்காரி அடுப்பு" என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் கையால் ஒரு பிடி உமி அடைத்தது கிடையாது.

இன்றைக்கு உமியை மில் வாசலிலேயே லாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறது. தணல் கேட்டு ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டுக்குப் போவதில்லை. "ஒரே அடுப்பா?" என்று யாரும் யாரையும் கேட்பதுமில்லை. அண்ணன் பேரன்கள் அந்த மனையிலேயே மாடி மேல் மாடியாகக் கட்டி, மாடிக்கொரு கேஸ் அடுப்பு வைத்திருக்கிறார்கள். எந்த அடுப்பு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் முகமும் அதற்காக வாடவில்லை. ஒருத்தி என்ன சமைக்கிறாள் என்று இன்னொருத்திக்கு வாடையை வைத்துத்தான் தெரியும்.

அங்கே புதுமனை புகுவிழாவில் பெரிய பேரன் மைக்கைப் பிடித்துப் பேசினான். எங்கள் குடும்பம் இத்தனை காலம் பிரியாமல் இருந்ததற்குத் தாத்தாவின் பெருந்தன்மை காரணம், பாட்டி அன்றைக்கு எடுத்துக் கொடுத்த தணல் காரணம் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே காத்திருந்தேன். அவன் அடுத்ததாகச் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

பெருந்தன்மை அண்ணனுடையது, நெருப்பு அண்ணியுடையது. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தணலை எதில் வைத்தாள்? டின்னை வெட்டினவன் நான், உமியை அடைத்தவன் நான், பாயில் பெரியவர்கள் காத்திருக்க அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனவன் நான். அடுத்த தடவை எவனாவது மைக்கைப் பிடித்து இந்தக் கதையைச் சொன்னால், என் பேரையும் சேர்த்துச் சொல்லட்டும். உரக்கச் சொல்லட்டும், எனக்குக் காது மந்தம்.