எடை கூடிய காலி சிலிண்டர்

மெக்கானிக்குகள் சங்கத்தில் அவருக்குப் பெயர் புஸ் மாஸ்டர். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போனால், உள்ளே இருக்கும் பழைய கேஸை வெளியேற்ற, குழாயில் ஒரு வெட்டு வெட்டுவார். 'புஸ்' என்று போகும். "போச்சு சனியன்" என்பார். இருபத்திரண்டு வருஷம் இதே கதைதான். மணமில்லை, நிறமில்லை, யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

கேட்டவர் சங்கத் தலைவர். ஒரு ஃப்ரிட்ஜின் கேஸ், கார் ஒன்று ஊர் ஊராக ஓடிய அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். இனி யாரும் வெளியே விடுவதில்லை, சிலிண்டரில் பிடித்து வைப்பது, மாதம் ஒருமுறை வேன் வந்து அழிக்கக் கொண்டுபோவது என்று மெக்கானிக்குகள் கூடி முடிவு செய்தார்கள். வைக்க இடம் கேட்டதும் ஆளாளுக்கு விட்டத்தைப் பார்த்தார்கள். மாஸ்டருக்கு மனசு உறுத்தியது. "என் வீட்டுப் பின்னறை சும்மாதான் கிடக்கு" என்றார்.

அது மகளின் அறை. பிறந்து இரண்டு மாதமான குழந்தையோடு அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அதனால் திங்கட்கிழமையே வேனை வரச்சொல்லி நிறைந்த சிலிண்டர்களை எல்லாம் ஏற்றிவிட்டார். மூலையில் ஒரே ஒரு காலி சிலிண்டர், வால்வு திறந்தபடி நின்றது. ஜன்னலோரம் குழந்தைக்குக் குட்டிக் கட்டில் போட்டார்.

செவ்வாய் மதியம் மனைவி அறை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"என்னங்க, உள்ள பாம்பு ஏதாச்சும் புகுந்துடுச்சா? உஸ்ஸுங்குது."

பாம்பில்லை. சத்தம் காலி சிலிண்டரிலிருந்து வந்தது. மாஸ்டர் சிரித்துக்கொண்டே வால்வு வாயில் சோப்பு நீரைத் தடவினார். கசிவு இருந்தால் நுரை உப்பும். இந்த நுரை உப்பவில்லை, உள்ளே குழிந்தது. குழிந்து, உடைந்து, சிலிண்டருக்குள் போனது. அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

தராசில் ஏற்றினார். கழுத்தில் பொறித்திருந்த காலி எடையைவிட அரைக் கிலோ கூடுதல். புதன்கிழமை ஒரு கிலோ. வியாழக்கிழமை ஒன்றரை.

"யாரு விட்ட கேஸுங்க அது?" என்றாள் மனைவி.

மாஸ்டருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வால்வை இறுக்கி மூடினார். வந்தது வந்தபடி திரும்பிப் போகட்டும் என்று பார்த்தார். உஸ் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் வேறு இடத்தில் கேட்டது, ஜன்னலோரம். அந்த கேஸ் காற்றைவிடக் கனம், பள்ளம் பார்த்துத் தங்கும், மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும். தொழிலில் முதல்நாள் படித்த பாடம். தீக்குச்சி கிழித்துக் குட்டிக் கட்டிலுக்குள் இறக்கினார். மெத்தை மட்டத்தில் அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருந்தன.

ஓடிப்போய் வால்வைத் திறந்தார். மூலையில் மறுபடி உஸ். மூன்றாவது குச்சி கட்டிலுக்குள் விரலைச் சுடும்வரை எரிந்தது.

சாயங்காலம் மகளே போன் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பிடறோம். ரூம் ரெடியா?"

"இப்ப வேணாம்மா. ரூம்ல கொஞ்சம் வேலை இருக்கு."

"சரி, எத்தனை நாள் ஆகும்?"

மாஸ்டர் மூலையைப் பார்த்தார். ஒரு நாளைக்கு அரைக் கிலோ. இருபத்திரண்டு வருஷமாக அவர் ஒரு நாளைக்கு வெட்டிவிட்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"குழந்தை வளர்ந்துடும்மா" என்றார். அவள் என்னப்பா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தார்.

பிறகு குட்டிக் கட்டிலைக் கழற்றி வெளியே சாய்த்துவிட்டு, சங்கத்துக்குப் போய் இன்னொரு காலி சிலிண்டர் எடுத்துவந்து, கட்டில் இருந்த இடத்தில் நிறுத்தி வால்வைத் திறந்துவிட்டார்.